சோளப் பாம்பும் மெண்டலின் பட்டாணியும்

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். படையை விடுங்கள், முப்பத்திரண்டு ஆண்டுகள் தில்லியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் நடத்திய நானே சென்ற ஆண்டு மே மாதம் கொஞ்சம் நடுங்கித்தான் போனேன். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் என் மகள் வீட்டில் போய் இறங்கிய அன்று, பதினைந்து வயதுப் பேரன், "தாத்தா, கையை நீட்டுங்க" என்றான். நீட்டினேன். ஆரஞ்சும் சிவப்புமாக மூன்றரை அடி நீளப் பாம்பு ஒன்று என் முழங்கை வரை ஏறி வந்து, நாக்கை நீட்டி நீட்டிக் கைக்கடிகாரத்தை ஆராய்ந்தது. என் மனைவி அன்று முழுவதும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அதன் பெயர் செம்பன். இனம், கார்ன் ஸ்நேக் எனப்படும் சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களே இதன் தாயகம். வடக்கே நியூஜெர்சியிலிருந்து தெற்கே ஃபிளாரிடா வரை காடுகளிலும் வயல்களிலும் பாழடைந்த களஞ்சியங்களிலும் எலி பிடித்துத் தின்று வாழ்கிறது. சோளக் களஞ்சியத்தில் அடிக்கடி தென்படுவதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். வயிற்றுப் பக்கம் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பல நிற மக்காச்சோளக் கதிரைப் போல இருப்பதால் வந்தது என்பாரும் உண்டு. 1766-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'புள்ளிகள் உடையது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் வகை. நம் சாரைப் பாம்புக்குத் தூரத்து உறவு. ஆனால் அந்த ஊர்க் காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பின் சாயல் சற்று இருப்பதால், பார்த்த இடத்தில் அடித்துப் போடுகிறார்கள். கட்டுவிரியன் என்று நினைத்து வெள்ளிக்கோல் வரையனை நம் மக்கள் அடிப்பதில்லையா, அதே கதைதான்.

பாம்பு வளர்ப்போரிடையே இதற்கு இத்தனை செல்வாக்கு ஏன்? சாதுவானது, ஐந்து அடிக்கு மேல் பெரும்பாலும் வளராது, வேளைக்குத் தின்னும், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம். காட்டிலிருந்து பிடித்து வந்த பாம்பு ஒட்டுண்ணிகளோடு வரும், பயத்தில் பட்டினி கிடக்கும். பேரன் வைத்திருந்த இரண்டும் கூண்டில் பிறந்த பெற்றோருக்குக் கூண்டில் பிறந்தவை.

அவன் அறையில் பாம்புக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். இவை கூட்டமாக வாழும் பிராணி அல்ல. ஒரே பெட்டியில் இரண்டை வைப்பது தவறு. பெட்டிக்குள் ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் குளிர்ச்சி. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 23 டிகிரி அளவு இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம். ஒரே ஒரு மறைவிடம் வைத்தால், பயந்த பாம்பு வெப்பம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அங்கேயே கிடக்கும். தண்ணீர்க் கிண்ணம், கீழே ஆஸ்பென் மரச் சீவல். தேவதாரு வகைச் சீவல் கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது. மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போய்விடும்.

வெப்பம் தருவது பெட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட். அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கவே கூடாது. முதல் ஆண்டில் பேரன் அந்தச் சிக்கனம் பார்த்திருக்கிறான். செம்பனின் வயிற்றுச் செதில்களில் வெந்த தழும்பு இன்றும் இருக்கிறது. பாம்பு சுடுகிறது என்று விலகி ஓடும் என்று நாம் நினைக்கிறோம். அடியிலிருந்து வரும் சூட்டுக்கு அது அப்படி விலகுவதில்லை.

இனி உணவு. இங்கேதான் எங்கள் குடும்பத்தில் பெரிய வழக்கு நடந்தது. மகள் வீடு சுத்த சைவம். பாம்போ எலியைத் தவிர வேறு எதையும் தொடாது. அதற்குப் பருப்புசாதம் ஊட்ட வழியில்லை. உறைய வைத்த எலிகளைப் பொட்டலமாகக் கடையில் விற்கிறார்கள். முடிவில் கார் நிறுத்தும் இடத்தில் தனியாக ஒரு சிறு ஃப்ரீசர், தனி இடுக்கி, தனிக் கிண்ணம் என்று உடன்படிக்கை ஆயிற்று. குட்டிப் பாம்புக்கு, ரோமம் முளைக்காத 'பிங்கி' எலிக்குஞ்சு ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை. வளர்ந்ததற்குப் பத்து, பதினான்கு நாளைக்கு ஒரு பெரிய எலி. பாம்பின் உடல் பருமனை விட மிகப் பெரிய இரை கூடாது. வெந்நீரில் வைத்துக் குளிர் முழுதும் நீங்கியபின் இடுக்கியால் காட்ட வேண்டும். உயிருள்ள எலியைப் போடுவது வீரம் அல்ல. மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். தின்றபின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது, கக்கிவிடும். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்குப் பாம்பு ஏற்றதல்ல.

சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்னால் கண் பால் படிந்தாற்போல நீலம் பாயும். அப்போது பாம்புக்குப் பார்வை மங்கல், கோபமும் கொஞ்சம் உண்டு. தனியே விட்டுவிட வேண்டும். உரித்த சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக இருந்தால் பெட்டியின் ஈரப்பதம் சரி.

இரண்டாவது பாம்பு, புள்ளி. சாதாரண நிறமுள்ள பெண். பெண் பாம்பை இனப்பெருக்கத்துக்கு விடுமுன் வளர்ப்போர் ஒரு மூன்று கணக்குச் சொல்கிறார்கள்: மூன்று வயது, மூன்று அடி, முந்நூறு கிராம். அதற்கு முன் விட்டால் முட்டை வழியில் சிக்கித் தாயே சாகக் கூடும். பேரன் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்ததை மகளுக்குச் சொல்லவில்லை. நான் போவதற்கு முன்னரே, குடல் காலியாகட்டும் என்று இரண்டு வாரம் இரை நிறுத்தி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டையும் 12 டிகிரி அளவுக் குளிரில், இருட்டில், தண்ணீர் மட்டும் வைத்து உறங்க விட்டிருக்கிறான். தாயகத்தின் குளிர்காலத்தை அவற்றுக்கு நினைவூட்டும் வேலை அது. வசந்தத்தில் சேர்த்தான். ஜூன் முதல் வாரம் புள்ளி ஒரு சட்டை உரித்தது; அதிலிருந்து பத்தாம் நாள், ஈரப் பாசி நிரப்பிய டப்பாவுக்குள் பதினோரு முட்டை.

கோழி முட்டைபோல ஓடு கிடையாது. தோல் போன்ற மெல்லிய உறை. இட்ட நிலையிலேயே எடுக்க வேண்டும், புரட்டினால் உள்ளே கரு மூழ்கிவிடும். ஈரமான வெர்மிகுலைட்டில் பாதி புதைத்து 28 டிகிரியில் வைத்தோம். தாய் முட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு முட்டை பூஞ்சை பிடித்துப் போயிற்று. அறுபத்தோராம் நாள் காலை, முட்டையில் சிறு கீறல், கீறலில் ஒரு மூக்கு. அந்த மூக்கு அப்படியே ஒரு நாள் முழுவதும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது குட்டிகள். பேரன் முகம் வாடிவிட்டது. "என்ன தாத்தா, ஒண்ணுகூட அப்பா மாதிரி இல்லை. பாதியாவது ஆரஞ்சா வரும்னு நெனச்சேன்."

செம்பனின் நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-ல் வடக்குக் கரோலினாவில், கறுப்பு நிறமியான மெலனின் அறவே இல்லாத ஒரு சோளப் பாம்பு பிடிபட்டது. பெர்னார்டு பெக்டல் என்ற தோல் மருத்துவர் அதன் வழியில் இனப்பெருக்கம் செய்து, 1961-ல் அதே நிறக் குட்டிகளைக் கூண்டிலேயே பொரிக்க வைத்தார். இது ஒடுங்கு பண்பு என்று 1962-ல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். வளர்ப்போர் இன்று 'அமெல்' என்று அழைப்பது இந்த வகையைத்தான்.

நான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். பட்டாணிக்குப் போட்ட அதே கட்டம். மெலனின் உண்டாக்கும் ஜீன் 'ம', உண்டாக்காத ஜீன் 'இ'. ஒவ்வொரு பாம்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. செம்பன் 'இஇ'. புள்ளி 'மம'. ஆகவே குட்டிகள் அத்தனையும் 'மஇ'. ஒரு 'ம' இருந்தாலே மெலனின் வந்துவிடும், ஆகவே பார்வைக்கு எல்லாம் தாய் மாதிரி. ஆனால் ஒன்பதுக்குள்ளும் தகப்பனின் எழுத்து ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இரண்டு 'மஇ' சேர்ந்தால் 'மம', 'மஇ', 'மஇ', 'இஇ': நான்கில் ஒன்று ஆரஞ்சு. அதுவும் வாய்ப்பு மட்டுமே. ஒன்பது முட்டையில் ஒன்றுகூட வராமலும் போகலாம். சிவப்பு நிறமி இல்லாத 'அனெரி' என்ற வகை வேறொரு ஜீனால் வருவது. இரண்டு ஒடுங்கு ஜீன்களையும் ஒளித்து வைத்திருக்கும் ஜோடி சேர்ந்தால் ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்ற மெண்டலின் விகிதம் அப்படியே வரும். பதினாறில் அந்த ஒன்று, வெள்ளையும் இளஞ்சிவப்புமான 'ஸ்னோ'. வகுப்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த விகிதத்தைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிறகு இன்னொரு கணக்குப் போடச் சொன்னேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது பதினைந்து, இருபது ஆண்டு வாழும். ஒன்பது குட்டி, தலைக்கு இருபது ஆண்டு என்றால் நூற்றெண்பது ஆண்டுப் பராமரிப்பு. யார் தருவது? உள்ளூர்க் கடையில் கேட்டான். சாதா நிறம் வேண்டாம் என்று விட்டார்கள். இரண்டு நாள் அவன் பேசவில்லை. கடைசியில் உயிரியல் ஆசிரியையிடம் இரண்டு, நண்பர்களிடம், பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டபின், நான்கு என்று இடம் கிடைத்தது. மூன்று வீட்டிலேயே தங்கின. முட்டை வைக்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. மூன்று ஆண்டுக்கொரு மாற்றல் உத்தரவில் மூட்டை கட்டும் நம் போன்ற குடும்பங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம், அக்டோபரில் நான் திரும்பிய பிறகு நம் சங்க அன்பர் ஒருவர் கேட்ட கேள்வி. அவர் பிள்ளை பாம்பு வேண்டும் என்கிறான். கடைக்காரர் ஒருவர் சோளப் பாம்பு ஜோடி தருகிறேன், சட்டப்படி தடையில்லை என்கிறாராம். பாதி உண்மை இப்படித்தான் வரும். நம் நாட்டுப் பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சாரையையோ மண்ணுளியையோ வீட்டில் வைத்தால் குற்றம். ஜார்ஜியா மாநிலத்தில் சோளப் பாம்பு உள்ளூர்ப் பாம்பு என்பதால் அங்கேயும் வளர்க்கத் தடைதான். நம் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தமும் 2024-ன் பதிவு விதிகளும் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களைப் பற்றியவை. அந்தப் பட்டியலில் சோளப் பாம்பு இல்லை. கடைக்காரர் சொல்வது இதைத்தான். ஆனால் அது இந்தியாவுக்குள் எப்படி வந்தது? உயிருள்ள ஊர்வனவற்றை இறக்குமதி செய்ய அரசின் உரிமமும் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட, பாங்காக்கிலிருந்து வந்த பைகளில் பந்து மலைப்பாம்புகளோடு சோளப் பாம்புகளும் இருந்தன. அப்படி வந்ததா, இல்லையா என்று காட்டக் கடைக்காரரிடம் காகிதம் உண்டா? கேளுங்கள் என்றேன். கேட்டார், காகிதம் இல்லை. வாங்கவில்லை. பையனுக்கு வருத்தம்தான்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவனைக் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தருகிறார்கள். அதையும் அவன் பார்க்கட்டும்.

ஒன்பது குட்டிகளில் ஒன்று நான் புறப்படும் வரை எதையும் தின்னவில்லை. பொரித்த குட்டி பத்து நாளில் முதல் சட்டை உரித்ததும் இரை எடுக்க வேண்டும். இது எட்டு வாரமாகப் பிங்கியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டது. காட்டில் இந்தக் குட்டிகள் முதலில் பல்லி, ஓணான் வகைகளையும் மரத் தவளைகளையும் பிடித்துத் தின்பவை. எலிக்குஞ்சின் மேல் பல்லி உரித்த தோலைத் தேய்த்து வாசனை ஏற்றிப் பார் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். தில்லி வந்த நான்காம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"தாத்தா, தின்னுடுச்சு! பாட்டிகிட்டயும் சொல்லுங்க."

பாட்டி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.