செல்பேசிச் செயலிகளும் பொதுத் தொகுதிகளும்

தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றை எண்ணால் மட்டும் சுட்டுவோமாயின், எவருரைப் பதிப்பு என்னும் வினா உடனே எழும். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் சூத்திரங்களைப் பகுத்த முறை சிற்சில இடங்களில் வேறுபடுதலின், ஒரு பதிப்பின் எண் மற்றொரு பதிப்பில் வேறு சூத்திரத்தைக் காட்டுதல் கூடும். நூல் ஒன்றே, பெயரும் ஒன்றே, ஆயினும் பதிப்பு வேறாயின் இருவர் ஒன்றையே பேசுதல் அரிதாகும். தமிழ் மாணாக்கர் நன்கறிந்த இவ்வுண்மை கணிப்பொறித் துறைக்கும் பொருந்துதலை யாம் சென்ற ஆண்டு பட்டறிந்தோம்.

எம் வகுப்பில் கண்பார்வையற்ற நண்பர் ஒருவர் உளர். அவர் நாடோறும் குரோம்பேட்டையிலிருந்து மின்சார வண்டியில் தாம்பரம் வருபவர். அவர் செவியாற் கேட்டுப் பயிலும் பொருட்டு, கணிப்பொறியியல் பயிலும் விடுதித் தோழர் இருவர் துணையுடன் யாம் இரண்டு சிறு செயலிகளை இயற்றினோம். ஒன்று பாடக் குறிப்புகளை வாசிப்பது. மற்றொன்று வினா எழுப்பி விடையைச் சரிபார்ப்பது. இரண்டிற்கும் பொதுவான பகுதிகளைத் தனியே பிரித்து எமக்கெனப் பொதுத் தொகுதி ஒன்றும் அமைத்தோம்.

இவற்றிற்கு யாம் கைக்கொண்ட கருவி ஃபிளட்டர் என்பது. கூகுள் நிறுவனத்தார் ஆக்கிய இதன் முதல் நிறைபதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது. டார்ட் என்னும் கணிமொழியில் ஒருமுறை எழுதிய நிரலை ஆண்டிராய்டுச் செல்பேசிக்கும் ஐபோனுக்கும் ஒருங்கே பயன்படுத்த இஃது இடந்தரும். இதன்கண் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டுவதில்லை. எழுத்தை ஒலியாக்கல், கோப்பைச் சேமித்தல் முதலிய தொழில்களுக்குப் பிறர் எழுதிய தொகுதிகள் ‘பப் டெவ்’ என்னும் பொதுப் பண்டசாலையில் உள. எவை வேண்டும் என்பதைப் ‘பப்ஸ்பெக்’ என்னும் கோப்பில் எழுதிவிடின், கருவியே அவற்றைக் கொணர்ந்து சேர்க்கும்.

ஒவ்வொரு தொகுதிப் பதிப்பிற்கும் மூன்று எண்கள் உண்டு. 3.2.1 என்பதில் ஈற்றெண் ஏறின் பிழைதிருத்தம் நிகழ்ந்தது என்றும், நடுவெண் ஏறின் பழையது கெடாமற் புதியது சேர்ந்தது என்றும், முதலெண் ஏறின் பழைய வழக்குச் சில மாறின என்றும் கொள்ளல் வேண்டும். எண்ணின்முன் கேரட் குறியிட்டு 3.2.1 என எழுதின், 3.2.1 முதல் 4.0.0-க்கு உட்பட்ட எதுவும் ஏற்புடைத்து என்பது பொருள். முதலெண் சுழியமாயின் எல்லை இன்னும் குறுகும், 0.2.1 என்பது 0.3.0-க்குக் கீழேயே நின்றுவிடும்.

இனி, ஒரு செயலியினுள் ஒரு தொகுதிக்கு ஒரே பதிப்புத்தான் இருத்தல் கூடும் என்பது டார்ட்டின் விதி. ‘அ’ என்னும் தொகுதி மூன்றாம் வரிசையையும் ‘ஆ’ என்னும் தொகுதி நான்காம் வரிசையையும் வேண்டின், இரண்டையும் நிறைவு செய்யும் பதிப்பு இன்மையால் கருவி வேலை செய்ய மறுக்கும். தமிழில் முகப்பு அமைக்க விழைவார் இதனை அடிக்கடி காண்பர். நாளையும் எண்ணையும் அவ்வம்மொழி மரபுப்படி எழுதித்தரும் ‘இன்டில்’ என்னும் தொகுதியின் பதிப்பை ஃபிளட்டரின் மொழியாக்கப் பகுதி ஒரே எண்ணிற் கட்டிவைத்துள்ளது. பிறிதொரு தொகுதி வேறெண்ணை வேண்டின் பிணக்கு நேர்கின்றது.

எமக்கு நேர்ந்ததும் இத்தகையதே. வினாச் செயலியைக் கவனித்த தோழர், ஒலித் தொகுதியின் புதிய வரிசை நன்று எனக் கண்டு, எம் பொதுத் தொகுதியை அதற்கேற்ப மாற்றினார். வாசிக்கும் செயலியோ பழைய வரிசையையே நேரிற் கேட்டு நின்றது. தேர்வுக்கு முந்திய மாலையில் இறுதி அலகின் குறிப்புகளைச் சேர்க்க முயன்றபொழுது, அச்செயலி உருவாகவே இல்லை. முன்பு எப்பதிப்புகள் ஒத்தியங்கின என்பதைக் காட்டும் ‘பப்ஸ்பெக் லாக்’ என்னும் பூட்டுக்கோப்பை, வேண்டாத சுமை எனக் கருதி யாம் பொது இடத்திற் சேமியாது விட்டிருந்தோம். எனவே திரும்பிச் செல்லவும் வழி அறிந்திலோம். அன்றிரவு யாம் மாறிமாறி நண்பர்க்கு வாய்விட்டு வாசித்தோம். அவர் எம்மைக் கடிந்திலர். அதுவே எமக்குப் பெரிதும் நாணம் விளைத்தது.

பின்னர் ஆராய்ந்து யாம் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, செயலி இயற்றுவோர் பூட்டுக்கோப்பை நிரலுடன் சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும். அஃது இருப்பின் எல்லார் கணிப்பொறியிலும் அதே பதிப்புகள் வந்தமையும். இரண்டாவது, பல செயலிகள் ஒரே பொதுத் தொகுதியைச் சாருமாயின் அவற்றை ஒரு பணிக்களமாகத் தொகுத்தல் வேண்டும். 2024 டிசம்பரில் வந்த டார்ட் 3.6 இதற்கு இடந்தந்தது. தலைக்கோப்பில் உறுப்புகளை வரிசைப்படுத்தின், அனைத்திற்கும் ஒரே தீர்வும் ஒரே பூட்டுக்கோப்பும் அமையும். ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர்க்கு முரணாயின், அது தேர்வு மாலை வரை மறைந்திராது அப்பொழுதே வெளிப்படும். மூன்றாவது, பதிப்பேற்றத்திற்கு ஒரு நாள் குறித்து, இரு செயலிகளையும் இயக்கிப் பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும். பிணக்கை வலிந்து அடக்கும் மேலாணைக் குறிப்பு ஒன்றும் பப்ஸ்பெக்கில் எழுதலாம். அது நோயை ஆற்றாது வலியை மட்டும் மறைப்பதாகலின் சிறிது காலத்திற்கே ஏற்றது.

தொகுதிகளைத் தேர்தலிலும் அளவு வேண்டும். 2016 மார்ச்சில், ‘லெப்ட் பேடு’ என்னும் 11 வரித் தொகுதியை அதன் ஆசிரியர், வேறொரு தொகுதியின் பெயர் பற்றிய பிணக்கினால், என்.பி.எம். பண்டசாலையிலிருந்து நீக்கினார். சொல்லின் இடப்புறத்தை நிரப்புதலே அதன் தொழில். ஆயினும் பேபல் முதலிய பெருங்கருவிகள் அதனைச் சார்ந்திருந்தமையின், உலகின் பல பாகங்களில் நிரலாளர் பணி தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது. பப் டெவ் பண்டசாலையோ வெளியிட்ட தொகுதியை நீக்குதற்குப் பொதுவாக இசைவதில்லை. எனினும் பேணுவாரற்ற தொகுதியைச் சாராதிருத்தலும், சில வரிகளில் முடிவதை நாமே எழுதிக்கொள்ளுதலும் நன்று.

பொதுவில் உள்ள பொருளைத் தனக்கு ஏற்றவாறு ஒருவர் மட்டும் மாற்றுதல் தவறு என்று சொல்ல வந்தோமல்லேம். மாற்றத்தை மற்றவர் அறியும் இடத்தில் எழுதிவையாமையே தவறு. இவ்வாண்டு எம் இரு செயலிகளும் ஒரே பூட்டுக்கோப்பின்கீழ் இயங்குகின்றன. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடும் வண்டியில் எம் நண்பர் பாடம் கேட்டு வருகின்றார். அவர் காதில் ஒலி தடைப்படாதிருத்தலே எம் முயற்சியின் அளவுகோல்.