எப்படி வந்தது? – பிக்கப் வண்டியும் சப்வூஃபர் பெட்டியும்

கேள்வி: அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் சங்கீதப் பிரியர்கள் சப்வூஃபர் பெட்டியை ஆசனத்தின் முதுகுக்குப் பின்னாலோ பின்னாசனத்தின் அடியிலோதான் வைக்கிறார்கள். இந்த வழக்கம் எவ்வாறு ஏற்பட்டது? ஒலிக்கு உகந்த இடம் என்று ஆராய்ந்து கண்டதா, வேறு இடமில்லாத குறையால் வந்ததா?

பதில்: இடமின்மை முதலில் வந்தது, சாஸ்திரத்தின் சம்மதம் பின்னால் வந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் வழக்கத்தின் வரலாறு விளங்கும்.

ஃபோர்டு கம்பெனியார் 1925-ஆம் ஆண்டில், தங்கள் டி மாடல் வண்டியின் பின்புறத்தில் ஒரு சரக்குத் தட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, அதை வாங்கிய குடியானவர்களும் சிறு வியாபாரிகளும் முதலில் எதிர்பார்த்தது சரக்குக்கு இடம். மனிதனுக்கு இடம் இரண்டாம் பட்சமே. பிற்பாடு மூடிய கேபின்கள் வந்தபோதும், ஒற்றை நீள ஆசனமும், அதன் முதுகை ஒட்டி எழும் பின்சுவருமே பிக்கப்பின் லட்சணமாக நெடுங்காலம் நிலைத்திருந்தன. மோட்டார் காரில் பெரிய பொருளை வைப்பதற்கு டிக்கி உண்டு. பிக்கப்பில் அது இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும் பின்தட்டில் ஒலிப்பெட்டியை வைப்பதில் பொருளில்லை. ஆகவே, ஆசனத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்து ஒன்றுதான் மிஞ்சிற்று.

அந்தச் சந்தும் எல்லா வண்டிகளிலும் காலியாக இருந்ததில்லை. பல அமெரிக்கப் பிக்கப்புகளில் பெட்ரோல் தொட்டியே கேபினுக்குள், ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடும். ஷெவர்லே கம்பெனியார் தங்கள் 1973-ஆம் ஆண்டு வண்டிகளில்தான் அதைக் கேபினிலிருந்து வெளியேற்றி, சட்டத்தின் பக்கவாட்டிற்குக் கொண்டுபோனார்கள். அதே 1973-இல் டாட்ஜ் கம்பெனியார் ஆசனத்தின் பின்னால் சற்று விஸ்தாரமான இடம் விட்டு ‘கிளப் கேப்’ என்ற நீண்ட கேபினை வெளியிட, மறு ஆண்டில் ஃபோர்டு ‘சூப்பர் கேப்’புடன் வந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1957-லேயே ஆறு பேர் அமரக்கூடிய பிக்கப்பைச் செய்திருந்தார்கள் என்றாலும், அது வெகுகாலம் வேலைக்காரக் கூட்டத்தை ஏற்றிச்செல்லும் வாகனமாகவே கருதப்பட்டது. இந்த மாறுதல்களில் ஒன்றுகூட இசையை உத்தேசித்துச் செய்யப்பட்டதன்று. எனினும், பத்தாண்டு கழித்து அந்த இடத்துக்கு ஒரு புதிய குடியிருப்பாளர் வந்து சேர்ந்தார்.

அவருடைய பூர்வோத்தரமும் 1925-லிருந்தே தொடங்குகிறது என்பது ஓர் அழகான பொருத்தம். ஃபோர்டின் பிக்கப் பிறந்த அதே ஆண்டில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர், காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளும் ஒலிபெருக்கியைப் பற்றித் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இன்று நாம் கேட்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்த வம்சத்தவை. ஆனால் அந்தக் கூம்புக்குப் பிறவியிலேயே ஒரு தோஷம் உண்டு: முன்பக்கம் காற்றை அழுத்தும் கணத்திலேயே பின்பக்கம் அதைத் தளர்த்துவதால், இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் தாழ்ந்த ஸ்வரங்கள் அழிந்துபோகின்றன. பின்பக்கத்தை மூடிவைக்கத்தான் பெட்டி வேண்டியிருக்கிறது. ஆழ்ந்த நாதம் வேண்டுமானால் பெட்டி பீரோ அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையே மூன்று தசாப்தங்கள் நிலவிற்று.

அதைத் தகர்த்தவர் எட்கர் வில்சூர். கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பை மிகவும் இளக்கமாகச் செய்துவிட்டு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியினுள் அகப்பட்ட காற்றையே வில்லாக வேலைசெய்ய வைக்கலாம் என்று அவர் கண்டார். ஹென்றி கிளாஸ் என்பவருடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை 1954-இல் தொடங்கி, அந்த முறையில் அமைந்த பெட்டிகளை விற்கவும் செய்தார். அதன்பின் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் எழுபதுகளின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகள், இந்த ஸ்பீக்கருக்கு இத்தனை கன அளவுள்ள பெட்டி போதும் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுச் சொல்லும் வழியைத் திறந்தன. பிக்கப்பின் சந்துக்குள் அடங்கும் பெட்டி சாத்தியமானதற்கு இந்த மூவருக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

அத்தகைய நாதத்தில் ஜனங்களுக்கு ஆசை எழவேண்டுமே! 1974-இல் வெளிவந்த ‘எர்த்க்வேக்’ திரைப்படத்துக்காகக் கொட்டகைகளில் பிரம்மாண்டமான அடிநாத ஸ்பீக்கர்களை நிறுத்தி ஆசனங்களையே அதிரச் செய்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-இல் வெளியிட்ட டி.ஆர்.-808 என்ற தாளக் கருவியின் நீண்டு ஒலிக்கும் முழக்கம், எண்பதுகளில் ஃப்ளோரிடா மாநிலத்து மயாமி நகர இளைஞர்களின் இசைக்கு உயிர்நாடியாயிற்று. அந்த இசை வீட்டைவிட வீதியில், வண்டிக்குள் அதிகமாகக் கேட்கப்பட்டது. வண்டி பிக்கப்பாக இருந்தவர்கள் பெட்டியை எங்கே வைப்பார்கள்? சந்துக்குள்தான். ஆசனத்தின் முதுகு சாய்ந்திருப்பதால், அடியில் அகன்றும் மேலே குறுகியும் ஆப்பு வடிவில் பெட்டி செய்யும் வழக்கமும் அந்த நிர்ப்பந்தத்தால்தான் ஏற்பட்டது.

இனி, உகந்த இடந்தானா என்ற கேள்விக்கு வருவோம். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் அலை, ஆகவே, எட்டு மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. கேபினோ சுமார் இரண்டு மீட்டர். இவ்வளவு நீண்ட அலை அந்தச் சிறு அறையில் அலையாக நடமாட வழியில்லை. கூம்பு முன்னே வரும்போது கேபின் முழுவதும் காற்றழுத்தம் ஏறுகிறது. பின்னே போகும்போது முழுவதும் இறங்குகிறது. சைக்கிள் பம்பின் தண்டு குழாய்க்குள் காற்றுக்குச் செய்வதையே கூம்பு கேபினுக்குச் செய்கிறது. இரண்டு மீட்டர் கேபினில் இந்த நிலை ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கி, ஸ்வரம் ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் 12 டெசிபல் வரை ஒலியை உயர்த்தித் தருகிறது என்பது கணக்கு. காற்று கசிவதாலும் தகரமும் கண்ணாடியும் நெளிவதாலும் நடைமுறையில் அவ்வளவு கிட்டாது. ஆயினும் கிட்டுவது சாமானியமன்று.

இதில் நான் மிகவும் ரசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. வில்சூரின் வழிவந்த மூடிய பெட்டி, தன் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு அதே 12 டெசிபல் வீதம் பலம் இழக்கிறது. பெட்டி இழப்பதைக் கேபின் ஈடுசெய்கிறது! பெரிய கூடத்தில் மெலிந்து ஒலிக்கும் சிறு பெட்டி, பிக்கப்பினுள் கம்பீரமாக முழங்குவதன் ரகசியம் இதுவே. துளைவைத்த பெட்டி ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் வீழ்வதாலும், அதற்கு அதிக இடம் வேண்டுமாதலாலும், கேபினுக்கு மூடிய பெட்டியே மேல்.

சுவரை ஒட்டி வைப்பதும் லாபகரமானதே. பெட்டிக்கும் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 85 ஹெர்ட்ஸ் அருகில் நேரொலியை எதிர்த்து அழிக்கும். பத்து சென்டிமீட்டரே இருந்தால் அந்த அழிவு 850 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அது சப்வூஃபரின் ராஜ்யத்துக்கு அப்பாற்பட்டது. இடமில்லாமல் சுவரோடு சுவராகத் தள்ளியவர்கள் அறியாமலே சரியானதைச் செய்தார்கள்.

கேள்வி: ஸ்பீக்கரின் முகம் எந்தத் திசையை நோக்கியிருக்க வேண்டும்?

பதில்: அலை இவ்வளவு நீண்டிருக்கையில் திசை முக்கியமன்று, கூம்புக்கு முன்னால் மூச்சுவிட இடம் இருக்கிறதா என்பதே முக்கியம். பின்னாசனத்தின் அடியில் தரையை நோக்கிக் கவிழ்த்து வைப்பவர்கள், கூம்பு முழுவீச்சில் வெளியே வரும்போதும் தரைக் கம்பளத்தைத் தொடாதபடி கால்கள் கொடுத்து உயர்த்த வேண்டும். மேல்நோக்கி வைப்பவர்கள், மெத்தை அமுங்கி அதன்மேல் இறங்காதபடி இரும்புக் கிராதி போடவேண்டும். இன்னொன்றும் உண்டு: கதவை மூடும்போது உள்காற்று வெளியேறுவதற்காகப் பல பிக்கப்புகளின் பின்சுவரில், ஆசனத்தின் மறைவில், சிறு காற்றுவாய்கள் இருக்கும். அவற்றைப் பெட்டியால் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தாழ்ந்த ஸ்வரம் எங்கிருந்து வருகிறதென்று காதால் அறிய முடியாது என்கிறார்கள். என் வண்டியில் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறது. ஏன்?

பதில்: சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறிவது கடினம் என்பது மெய். அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களும் பெட்டிக்குப் போனால், அவையே இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் எல்லையை 80-க்கு இறக்கிப் பாருங்கள். பின்கண்ணாடியின் ரப்பர், பிளாஸ்டிக் மூடிகள், ஆசனத்தின் பின்னே வைத்த ஜாக்கி முதலியன அதிர்ந்தால் அந்தச் சலசலப்பும் திசையைச் சொல்லிவிடும். பிறகு, சப்வூஃபரின் இரண்டு கம்பிகளையும் ஒருமுறை இடம் மாற்றி இணைத்து, ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து கேளுங்கள். எந்த இணைப்பில் நாதம் நிறைந்து முன்னே வந்து நிற்கிறதோ அதுவே சரி.

கேள்வி: பெட்டியைத் தரையோடு பிணைப்பது அவசியமா? அதன் கனமே அதை நிறுத்தி வைக்காதா?

பதில்: நிறுத்தாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், பிணைக்கப்படாத 20 கிலோ பெட்டி, ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தோடு முன்னே இருப்பவர் முதுகில் பாயும். ஆசனம் பொருத்தப்பட்டிருக்கும் போல்ட்டுகளிலேயே இரும்புப் பட்டை கொடுத்துக் கட்டலாம். புதிதாகத் துளையிடுவதானால், தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை ஆசனத்தின் மேல்வாரை மாட்டும் கொக்கி பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னாசன முதுகின் மறைவில் இருப்பதால், அதை எட்டமுடியாதபடி பெட்டியை வைத்துவிடவும் வேண்டாம். பெட்டியைக் கட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள் என்று வாசகர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.