கட்டலான் படிக்க வருகிறவர்களுக்கு

பார்சிலோனாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கையில் இங்கிலீஷ் மட்டும் இருக்கிறது, அதை வைத்துக் கட்டலான் படிக்க முடியுமா? முடியும். முதலில் ஸ்பானிஷ் படி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். இது ஸ்பானிஷின் வட்டார வழக்கு அல்ல. லத்தீனிலிருந்து தன் வழியில் வந்த தனிமொழி. பக்கத்து நாடான அந்தோராவில் இதுதான் ஒரே ஆட்சிமொழி. இங்கேயே வயதாகிப்போனவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. பெரிய சொற்களுக்காகக் கண் விழிக்காதீர்கள். இங்கிலீஷில் 'ஷன்' என்று முடிவது இங்கே 'சியோ' என்றும், 'ட்டி' என்று முடிவது 'தாத்' என்றும் முடியும். நேஷன் என்றால் 'நசியோ', யுனிவர்சிட்டி என்றால் 'உனிபர்சிதாத்'. கொஞ்ச நாளிலேயே பேப்பர் தலைப்புகள் ஓரளவு புரிய ஆரம்பிக்கும். அதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பேப்பர் படிக்கத் தெரிந்தவருக்கு ரொட்டிக் கடையில் வாய் எழாது, ஏனென்றால் அங்கே எல்லாம் உ, இ, அன் என்று ஓரெழுத்து ஈரெழுத்துச் சொற்களில்தான் நடக்கிறது. இங்கிலீஷ் அறிவு உதவாத இடம் அது. உழைப்பை அங்கே போடுங்கள்.

2. அந்த மூன்றில் 'உ' சுலபம். முன்னே சொன்ன விஷயத்தைக் குறிக்கும்: 'நோ உ சே', அது எனக்குத் தெரியாது. 'இ' இடத்துக்கு: ஊர்ப் பெயரைத் திரும்பச் சொல்லாமல் 'இ பாச் தமா' என்றால் நாளைக்கு அங்கே போகிறேன். ஆட்டிவைப்பது 'அன்'.

அதைச் சந்தையில் படியுங்கள். பொக்கெரியாச் சந்தை வேண்டாம், அங்கே சுற்றுலாக் கூட்டம். குடியிருப்புப் பகுதிச் சந்தை எதற்காவது போய், காய்கறிக் கடை முன்னால் 'கி எஸ் லுல்திம்?' என்று கேளுங்கள்: கடைசி ஆள் யார்? ஒருவர் தலையசைப்பார், அவருக்குப் பின்னால் உங்கள் முறை. கடைக்கார அம்மா என்ன போடட்டும் என்பார். தக்காளி, 'துமாகட்ஸ்' என்பீர்கள். 'க்வான்ஸ் அன் போல்ஸ்?', எத்தனை வேண்டும்? இங்கே 'நாலு' என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். 'போஸமன் க்வாத்ர' என்று சொல்லுங்கள். பிரித்துப் பாருங்கள்: போஸ, போடு, ம, எனக்கு, ன், அதில், க்வாத்ர, நாலு. அந்த 'ன்'தான் நம் 'அன்'. எண்ணிக்கையோ அளவோ சொல்லி, பொருளின் பெயரைச் சொல்லாமல் விட்டால் அதன் இடத்தில் இது வந்தே தீர வேண்டும். இங்கிலீஷ் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவதால் நமக்கும் விடத் தோன்றும். முட்டைக்கும் மீனுக்கும் ஆரஞ்சுக்கும் இதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றுங்கள். இலக்கணப் புத்தகத்தில் இந்தச் சேர்க்கைகளுக்கெல்லாம் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். அதை நெட்டுருப் போட்டுப் பேசக் கற்றவர் எவரையும் நான் கண்டதில்லை.

3. 'பாச்' என்றால் போகிறேன். 'மன்ஜா' என்றால் சாப்பிட. அப்படியானால் 'பாச் மன்ஜா'? சாப்பிடப் போகிறேன் என்றுதான் தோன்றும். இங்கிலீஷும் தமிழும் சேர்ந்து நம்மைக் குழிக்குள் தள்ளும். அதன் பொருள், சாப்பிட்டேன். நடுவில் ஒரு 'அ' வைத்து 'பாச் அ மன்ஜா' என்றால்தான் சாப்பிடுவதற்காக எழுந்து போகிறீர்கள்.

பழகிவிட்டால் இதைப் போல வசதியான இறந்தகாலம் வேறு கிடையாது. பாச், பாஸ், பா, பாம், பாவ், பான்: இந்த ஆறோடு எந்த வினைச்சொல்லை வேண்டுமானாலும் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, இன்றைக்கு நடந்ததற்கு இது ஆகாது. நேற்றுச் சாப்பிட்டது 'பாச் மன்ஜா'. இன்று காலை சாப்பிட்டது 'எ மன்ஜாத்'.

4. மணி கேட்டுவிட்டு அவசரப்படாதீர்கள். நாலே கால் ஆனதும் இவர்கள் அடுத்த மணியைக் கணக்கில் எடுத்துவிடுவார்கள். நாலே கால் என்பது ஐந்தில் ஒரு கால், நாலரை ஐந்தில் இரண்டு கால், நாலே முக்கால் ஐந்தில் மூன்று கால். 'தோஸ் க்வார்ட்ஸ் த சிங்க்' என்று காதில் விழுந்தால் இரண்டும் ஐந்தும் மட்டும் பிடிபட்டு, ஐந்துக்கு மேல் என்று நினைத்துப் போவீர்கள். ஆள் நாலரைக்கே வந்து காத்திருப்பார். சந்தேகமாக இருந்தால் போனில் எண்ணாக அனுப்பச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ரயில் அட்டவணையில் இந்தத் தொல்லை இல்லை.

5. இங்கிலீஷ் கைவிடும் சில இடங்களில் தமிழைக் கூப்பிடுங்கள். 'மக்ராத' என்பதை 'ஐ லைக்' என்று படித்தால் வினைச்சொல்லைத் தப்பாகத் திருப்புவீர்கள். எனக்குப் பிடிக்கிறது என்று படியுங்கள், சரியாக உட்காரும். தலைவலியும் அப்படியே: 'அம் ஃபா மால் அல் காப்', எனக்குத் தலை வலிக்கிறது. 'கால்' என்றொரு வினை உண்டு, நம் 'வேண்டும்' போல ஆளே இல்லாமல் நிற்கும். 'நோ கால்' என்றால் தேவையில்லை. பில் போடும் இடத்தில் பை வேண்டுமா என்று கேட்டால் அது போதும்.

6. பார்த்த முகம் போலத் தெரியும் சொற்களிடம் உஷார். 'குன்ஸ்திபாத்' என்றால் சளி பிடித்திருக்கிறது, வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'எக்ஸித்' வெற்றி, வெளியே போகும் வழி 'சுர்தீத'. 'பரென்ஸ்' சொந்தக்காரர்கள், அப்பா அம்மா 'பாரஸ்'. 'தினா'வுக்கு அழைத்தால் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போங்கள். ராத்திரிச் சாப்பாடு 'சுபா'.

7. உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை உண்டு. அழுத்தம் விழாத 'ஏ' (a), 'ஈ' (e) எழுத்துகள் இரண்டும் பார்சிலோனாப் பக்கம் மங்கிப்போய், இங்கிலீஷ் 'அபவுட்'டின் முதல் ஒலி போல ஆகிவிடும். ஸ்பானிஷ்காரர்கள் திணறும் அந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. வினைச்சொல்லின் கடைசியில் எழுதும் 'ஆர்' பெரும்பாலும் ஒலிக்காது.

8. உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மரியாதை என்றே நினைத்துச் செய்கிறார்கள். 'அன் கடலா, சிஸ்ப்ளாவ்' என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுக் கட்டலானிலேயே தொடருங்கள். அடுத்த வாக்கியத்தில் மறுபடி மாறுவார்கள், நீங்கள் மாறாதீர்கள். பேச்சுத் துணை வேண்டுமென்றால் 'மொழிக்காகத் தன்னார்வம்' என்ற பொருளில் ஒரு திட்டம் இருக்கிறது. கற்பவரையும் சரளமாகப் பேசுபவரையும் இருவர் இருவராகச் சேர்த்து, வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 மணி நேரம் உட்கார்ந்து பேச வைப்பார்கள். வகுப்பில் ஒரு பருவம் உட்கார்வதைவிட அது மேல் என்பது என் கட்சி.

9. பேச்சுக்குப் பெரியவர்களிடம் போங்கள், எழுத்துக்குச் சின்னவர்களிடம். 1939 முதல் 1975 வரை, ஃபிராங்கோ ஆட்சியில், பள்ளிக்கூடம் ஸ்பானிஷில்தான் நடந்தது. அப்போது படித்த பாட்டிகள் வீட்டில் பேசிய கட்டலான் தேன். ஆனால் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். பழைய புத்தகக் கடையில் பாடநூல் வாங்கினால் அச்சான வருஷத்தைப் பாருங்கள். எழுத்துமுறைக்கு 1913-இல் விதி வகுத்த பொம்பேயு ஃபப்ராவின் ஏற்பாடுதான் இன்றும் அடிப்படை. ஆனால், ஒரே வடிவச் சொற்களைப் பிரித்துக் காட்டும் அழுத்தக் குறிகளை 2016-இல் குறைத்து, 15 சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழைய நூலில் 'சொக்'குக்கு, அதாவது 'நான் இருக்கிறேன்' என்பதற்கு, மேலே கோடு இருக்கும், புதியதில் இருக்காது. அச்சுப்பிழை என்று திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

10. வலென்சியாவில் இதே மொழியை வலென்சியன் என்பார்கள். பெயரைப் பற்றிய சண்டை அவர்களுடையது, நீங்கள் நடுவில் போக வேண்டாம். அங்கே மணி சொல்வதும் வேறு. நாலரையை நாலரை என்றே சொல்வார்கள், கடைசி 'ஆர்'ஐயும் பொதுவாக விழுங்க மாட்டார்கள். மயோர்க்கா தீவுக்குப் போனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'அல்', 'ல' இரண்டும் பேச்சில் 'அஸ்', 'ச' என்று மாறியிருக்கும்.