ஆயத்தம் உணர்த்தும் ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு அம்மொழியின் இலக்கணம் தரும் இடர் சிறிது. மரபுத்தொடர்கள் தரும் இடரோ பெரிது. தனிச்சொல்லின் பொருளை அகராதி தரும். தொடரின் பொருளோ சொற்பொருள்களைக் கூட்டிப் பார்ப்பினும் புலப்படாது. ஆகவே, ஆயத்தமாதல் என்னும் ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை ஆங்கிலர் எவ்வெவ்வாறு கூறுகின்றனர் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆயத்தம் ஒருதன்மைத்தன்று. உழைத்தற்கு ஆயத்தமாதல் வேறு. இடுக்கண் வருமென்று ஆயத்தமாதல் வேறு. பிறர் அழைப்பை எதிர்நோக்கி நிற்றல் வேறு. ஒரு தொடர் எத்தொழிலினின்று பிறந்ததோ, அத்தொழிலே அஃது எவ்வகை ஆயத்தத்தைக் குறிக்குமென்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பது எம் கருத்து.

உடையினின்று தொடங்குவோம். ‘ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்’ என்பது சட்டைக்கையைச் சுருட்டிக்கொள் என்பதாம். குளிர்நாட்டார் மணிக்கட்டுவரை சட்டை அணிபவர். மண்வெட்டவோ பாத்திரம் துலக்கவோ புகின் முதற்கண் அக்கையைச் சுருட்டல் வேண்டும். ஆதலின் இத்தொடர் உடலுழைப்பின் மணம் உடையது. விருந்துக்குப் புறப்பட ஆயத்தமானவனை இத்தொடராற் கூறின் நகைப்பிற்கிடமாம்.

‘கர்ட் அப் யுவர் லாயின்ஸ்’ என்பது ஆங்கில மண்ணிற் பிறந்ததன்று, எபிரெயருடையது, வேதாகம மொழிபெயர்ப்பின் வாயிலாக ஆங்கிலத்திற் குடியேறியது. எபிரெயர் நீண்ட அங்கியினர். ஓடவோ உழைக்கவோ வேண்டின் அங்கியைத் தூக்கிக் கச்சையிற் செருகுவர். பஸ்காவை உண்ணும் இரவில் இஸ்ரவேலர் கச்சை கட்டியவராய் இருக்குமாறு பணிக்கப்பட்டதும், எலியா அரையைக் கட்டிக்கொண்டு ஆகாபுக்கு முன் ஓடியதும் யாவரும் அறிந்தனவே. இத்தொடர் தமிழில் வந்தபோது அயன்மை தோன்றாமைக்குக் காரணம், ‘கச்சை கட்டுதல்’ நம்மிடத்தும் முன்னரே வழங்கியமையாம். ஆயின் அதன் உடன்பிறப்பாகிய ‘வரிந்து கட்டுதல்’ என்பதில் விழிப்பு வேண்டும். ஒருவன் வரிந்துகட்டிக்கொண்டு வந்தான் எனின், வேலைக்கு வந்தானோ சண்டைக்கு வந்தானோ என்று ஐயுறவே இடமுண்டு! ‘கங்கணம் கட்டிக்கொள்ளுதல்’ என்பதோ நோன்பிற்குக் காப்பு அணிதலினின்று வந்தது. அது மனத்தின் துணிவைக் காட்டுமேயன்றிக் கருவிகளைத் திரட்டி வைத்தலைக் காட்டாது.

கடல் சூழ்ந்த நாட்டினர்க்குக் கப்பல் பல தொடர்களை வழங்கியதில் வியப்பில்லை. அவற்றுள் இரண்டினை மாணவர் பெரிதும் மயங்குகின்றனர். ‘கிளியர் த டெக்ஸ்’ என்பது மேற்றளத்தை ஒழித்துவை என்பது. பாய்மரப் போர்க்கப்பல்களிற் போர் நெருங்கும்போது அறைகளின் மரத்தடுப்புகளைக் கழற்றி, தட்டுமுட்டுகளை அகற்றி, பீரங்கியாளர் தடையின்றி இயங்க இடஞ்செய்வர். ஒரு பெருஞ்செயலின்பொருட்டுச் சில்லறை அலுவல்களை முடித்து ஒதுக்குதலை இத்தொடர் குறிக்கும். தேர்வுக்கு முந்திய மாதத்தில் நாம் செய்யவேண்டுவது இதுவே. ‘பேட்டன் டவுன் த ஹேச்சஸ்’ என்பது இதற்கு நேர்மாறு. புயல் வருங்கால், தளத்திலுள்ள திறப்புகளின்மேல் கீல்பூசிய துணியை விரித்து, மரச்சட்டங்களால் இறுக்குவர். முன்னது தாக்குதற்கு ஆயத்தம். பின்னது தாங்குதற்கு ஆயத்தம். முன்னதற்கு நம் முன்னோர் என் கூறினர் என வினவின், புறத்திணை நூல்களைக் காண்க. வஞ்சி சூடினான் எனின் மண்ணசையாற் படையெடுத்தான். உழிஞை சூடினான் எனின் அரணை வளைக்கத் துணிந்தான். தும்பை சூடினான் எனின் நேர்நின்று பொர எழுந்தான். ஆங்கிலர் தொழிலால் வேறுபடுத்திய ஆயத்தத்தைத் தமிழர் பூவினால் வேறுபடுத்தினர்.

‘கீப் யுவர் பவுடர் ட்ரை’ என்பது வெடிமருந்தை நனையாமற் காத்துக்கொள் என்பதாம். இதனைக் கிராம்வெலின் கூற்றென்பர். ஆயின் அவர் இறந்தது 1658இல். அவர் பெயரால் இதனைப் புகழுறச் செய்த வில்லியம் பிளாக்கரின் பாட்டு வெளிவந்ததோ 1834இல். சுடுதற்கு வேளை இன்னும் வரவில்லை, வருங்கால் மருந்து பயன்பட வேண்டும் என்னும் பொறுமை இதன் உயிர். இதற்கு மறுதலையாய் நிற்பது ‘கோ ஆஃப் ஹாஃப் காக்ட்’ என்னும் தொடர். சக்கிமுக்கிக்கல் பொருத்திய பழந்துப்பாக்கியின் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தின் அது வெடித்தலாகாது. அந்நிலையில் வெடித்துவிடின் குறியும் தப்பும், சுடுவோனுக்கும் கேடாம். ஆயத்தம் நிரம்புமுன் செயலிற் குதிப்பவனை இத்தொடர் இகழும்.

நாடக அரங்கின் பக்கத்திரைக்குள் தன் முறைக்காகக் காத்து நிற்கும் நடிகனை ‘வெயிட்டிங் இன் த விங்ஸ்’ என்பதிலும், கடிவாளத்தைக் கடித்துத் துடிக்கும் குதிரையைச் ‘சாம்பிங் அட் த பிட்’ என்பதிலும் காணலாம். முன்னவன் அமைதியுடையன், பின்னதற்கு அஃதில்லை.

இறுதியாக ‘சேவ் ஃபார் எ ரெய்னி டே’. மழைநாளுக்கென்று சேர்த்துவை என்னும் இவ்வழக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்திற் காணப்படுவது. இதனை ‘மழை நாளுக்காகச் சேமி’ என்று அப்படியே எழுதுவார் நம்மிடை உளர். எம்மால் இதனை ஒப்ப இயலவில்லை. அடைமழையிற் கூலியாளுக்கு வேலையில்லை, அடுப்பும் எரியாது என்பது மெய்யே. எனினும் வானம் பார்த்த பூமியில் வாழ்வோன் செவிக்கு மழைநாள் என்பது துன்பநாளாக ஒலிக்குமோ? கண்மாய் நிறையும் நாளன்றோ அது! சொல்லைப் பெயர்த்தவர் பொருளைத் தலைகீழாக்கிவிட்டனர். ஏற்ற தமிழைத் தேடி நெடுந்தொலை போகவும் வேண்டுவதில்லை. ‘ஆத்திர அவசரத்திற்கு நாலு காசு சேர்த்துவை’ என்று நம் வீடுகளிற் பாட்டிமார் நாள்தோறும் கூறுவது அதுவே.