கர்ப்பிணியும் சர்க்கரையும்

சகோதரர்களே, கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் ஊறும் சுரப்புகள் இன்சுலினைத் தடுப்பதால், முன்பு நீரிழிவு இல்லாதவளுக்கும் சர்க்கரை ஏறக்கூடும். உடம்பில் குறி ஒன்றும் தெரியாது. அச்சர்க்கரை சிசுவுக்கும் சென்று அதை அளவுமீறிப் பருக்கச் செய்யும்.

சென்னை டாக்டர் வி. சேஷய்யா பரப்பிய சோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள். 140 மில்லிகிராம், அதாவது நம் கிளினிக் கணக்கில் 7.8, எட்டினால் கர்ப்ப நீரிழிவு. இங்கே வெறும் வயிற்றுடன் போகவேண்டும்.

'இருவருக்குச் சோறு' என்பது பெரியவர்களின் அன்பு, வைத்தியமல்ல. சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, கீரையைக் கூட்டி, சிறுகச் சிறுகப் பல வேளை உண்ணட்டும். பட்டினி கிடந்து பின் வயிறு முட்ட உண்டால் சர்க்கரை தாறுமாறாகும். டின்பால் தேத்தண்ணீர் வேண்டாம். நம் கடைச் சரக்குதான், என்ன செய்வது! ரமலானில் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கு அஞ்சினால் நோன்பை விட மார்க்கத்தில் சலுகையுண்டு. கழா விஷயத்தை ஆலிமிடம் கேட்கவும்.

சோதனை நாளில் பெக்கோக் கடைக்காரர்கள் அரைநாள் கடையைப் பூட்டிவிட்டு மனைவியுடன் செல்லுங்கள்.