கம்பிகளின் கீழ் ஓடிய பேருந்துகள்: இலண்டன் டிராலிபஸ் வரலாறு

இல்ஃபோர்ட் வழியாகப் பார்கிங்சைட் செல்லும் 169-ஆம் இலக்கப் பேருந்தும், சவுத்தோல் வழியாக அக்ஸ்பிரிட்ஜ் வீதியில் ஓடும் 207-ஆம் இலக்கப் பேருந்தும் நம்மிற் பலருக்குப் பழக்கமானவை. இவ்விலக்கங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. முன்னையது 691-ஆம் இலக்க டிராலிபஸ்ஸுக்கும், பின்னையது 607-ஆம் இலக்க டிராலிபஸ்ஸுக்கும் பதிலாக வந்தது. கம்பிகள் அகற்றப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்தும், அவற்றின் தடம் நம் பேருந்து இலக்கங்களில் எஞ்சியிருக்கிறது.

டிராலிபஸ் என்பது யாது?

டிராலிபஸ் என்பது தண்டவாளமின்றி, இரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் மின்சாரப் பேருந்து. வீதிக்கு மேலே கட்டப்பட்ட இரு கம்பிகளிலிருந்து, கூரைமேல் உள்ள இரு நீண்ட கோல்கள் வழியாக அது மின்சாரம் பெறும். டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். டிராலிபஸ்ஸுக்குத் தண்டவாளம் இல்லையாதலால், மின்னோட்டம் திரும்புவதற்கு இரண்டாவது கம்பி வேண்டும்.

பிரித்தானியாவில் இவ்வகை வண்டிகள் முதன்முதலில் 1911-இல் லீட்ஸ், பிராட்ஃபோர்ட் ஆகிய நகரங்களில் ஓடின. இலண்டனில் 1931 மே 16 அன்று ட்விக்கன்ஹாம், டெடிங்டன் பகுதியில் சேவை தொடங்கிற்று.

ஏன் வந்தன?

இவ்வினாவுக்கு விடை பொறியியலில் மட்டுமன்றிச் சட்டத்திலும் உள்ளது. 1870-ஆம் ஆண்டின் டிராம் பாதைச் சட்டத்தின்படி, தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள வீதியையும், அவற்றின் இருபுறமும் 18 அங்குல அகலத்தையும் டிராம் நிறுவனமே செப்பனிட்டுப் பேண வேண்டும். அப்பரப்பை ஏனைய வண்டிகள் எவ்வளவு தேய்த்தாலும் செலவு டிராம் நிறுவனத்தின் தலையிலேயே விழும். தண்டவாளங்கள் தேய்ந்து, அவற்றை மாற்றவேண்டிய காலம் வந்தபோது இச்சுமை தாங்கவொண்ணாததாயிற்று.

1933-இல் உருவான இலண்டன் பயணிகள் போக்குவரத்துச் சபை இதற்குக் கண்ட தீர்வு டிராலிபஸ். மின்னிலையங்களும் மின்வடங்களும் பணிமனைகளும் ஏற்கெனவே கையில் இருந்தன. தண்டவாளத்தை மட்டும் கைவிட்டால் போதும். 1935 முதல் 1940 வரை டிராம் வழித்தடங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. உச்ச நிலையில் 68 வழித்தடங்களும் 1,811 வண்டிகளும் இருந்தன. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய டிராலிபஸ் சேவை இதுவே.

எவ்வாறு இயங்கின?

இலண்டன் வண்டிகளிற் பெரும்பாலானவை மூன்று அச்சுகளில் ஓடும் இரண்டடுக்கு வண்டிகள். 70 இருக்கைகள் கொண்டவை. அவை மேடுகளில் விரைவாக ஏறும், புகை கக்கா, ஓசையும் மிகக் குறைவு. வழி பிரியும் சந்திகளில் நடத்துநர் இறங்கி, கம்பத்திலுள்ள கைப்பிடியை இழுத்து உரிய கம்பிப் பாதையைத் திறந்துவிடுவார். கோல் கம்பியிலிருந்து விலகினால், வண்டியோடு எடுத்துச் செல்லப்படும் நீண்ட மூங்கிற் கழியால் அதை மீண்டும் பொருத்துவார். கம்பியில்லாத இடத்தில் சிறிது தூரம் நகர்வதற்கு மின்கலங்களும் இருந்தன. ஆயினும் ஒரே கம்பியிணையில் ஓடும் இரு வண்டிகளில் ஒன்று மற்றொன்றை முந்த இயலாது.

போர்க்காலத்தில் இல்ஃபோர்டுக்கு ஒரு தனிச் சிறப்புக் கிட்டியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜொகன்னஸ்பர்க் நகரங்களுக்காகச் செய்யப்பட்ட 43 டிராலிபஸ்களைக் கப்பலேற்ற முடியாமற் போகவே, அவை இல்ஃபோர்ட் பணிமனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் அகலம் 8 அடி. அன்றைய சட்ட வரம்போ 7 அடி 6 அங்குலம். எனவே சிறப்பு அனுமதி பெற்றே அவை ஓடின.

ஏன் மறைந்தன?

டிராமுக்குத் தண்டவாளம் சுமையானது போலவே, காலப்போக்கில் டிராலிபஸ்ஸுக்குக் கம்பி சுமையாயிற்று. வண்டிகளும் மின்கருவிகளும் முதுமையடைந்தன. புதிய குடியிருப்புகளுக்குச் சேவையை நீட்டவும், ஒருவழிப் பாதைக்கேற்பத் தடத்தை மாற்றவும் ஒவ்வொரு முறையும் கம்பங்கள் நட வேண்டியிருந்தது. டீசல் பேருந்துக்கு அத்தளை இல்லை. 1954-இல் டிராலிபஸ்களைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 1959-இல் தொடங்கிய மாற்றம் 1962 மே 8 இரவு, விம்பிள்டனிலிருந்து ஃபுல்வெல் பணிமனைக்குச் சென்ற கடைசி வண்டியோடு நிறைவுற்றது. பிற்கட்டங்களில் அவற்றின் இடத்தைப் பிடித்தது ரூட்மாஸ்டர் பேருந்து.

இது இலண்டனுக்கு மட்டும் உரிய கதையன்று. கொழும்பு மாநகர சபை 1953-இல் தொடங்கிய டிராலிபஸ் சேவை 1964-இல் நின்றது. பம்பாயில் 1962-இல் தொடங்கியது 1971-இல் முடிந்தது.

இன்று நமக்கு என்ன?

1954-இன் கணக்கில் கம்பியின் செலவு எழுதப்பட்டது. டீசல் புகையை நாம் சுவாசிப்பதன் செலவு அன்று எவர் கணக்கிலும் ஏறவில்லை. அந்தச் செலவுக்கே இன்று விடை தேடப்படுகிறது. 2023 முதல் இலண்டனின் எல்லாப் பெருநகரப் பகுதிகளிலும் மிகக் குறைந்த மாசு வலயம் நடைமுறையில் உள்ளது. மின்சாரப் பேருந்துகளும் திரும்பி வந்துள்ளன. இம்முறை மின்சாரம் கம்பியில் அன்றி மின்கலத்தில் வருகிறது. அவற்றின் ஓசையின்மை பார்வைக் குறைபாடு உடையோருக்கு இடராகலாம் என்பதால், அவற்றில் செயற்கை ஒலியும் சேர்க்கப்படுகிறது.

அன்றைய முடிவிற்கும் இன்றைய முடிவுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1999-ஆம் ஆண்டின் பெரிய இலண்டன் அதிகாரசபைச் சட்டம், பேருந்துச் சேவைகளை மாற்றுமுன் பாதிக்கப்படும் உள்ளூராட்சி மன்றங்களிடமும் பயணிகளின் சட்டபூர்வ அமைப்பிடமும் கலந்தாலோசிக்க வேண்டும் எனக் கூறுகிறது. இலண்டன் போக்குவரத்துத் துறை பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கிறது. அத்தகைய அறிவிப்பு உங்கள் தரிப்பிடத்தில் ஒட்டப்பட்டால் பேசாதிருந்துவிடாதீர்கள். ‘இம்மாற்றம் வேண்டாம்’ என்று மட்டும் எழுதுவதைவிட, எந்தத் தரிப்பிடத்தில், எந்த நேரத்தில், எதற்காக ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள். மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ முதியவர் ஒருவர் இருமுறை பேருந்து மாறவேண்டி வந்தால், அதுவும் ஒரு செலவே. சொன்னாலன்றி அது கணக்கில் ஏறாது.

டிராலிபஸ்ஸை நேரிற் காண விரும்புவோர் கொவன்ட் கார்டனில் உள்ள இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். கம்பியின் கீழ் ஓடும் டிராலிபஸ்ஸில் ஏறிப் பயணிக்க விரும்புவோருக்கு, லோவெஸ்டொஃப்ட் நகரை அடுத்த கார்ல்டன் கோல்வில் என்னுமிடத்திலுள்ள கிழக்கு ஆங்கிலியப் போக்குவரத்து அருங்காட்சியகம் ஏற்றது. பிள்ளைகளுடன் செல்வோர் திறந்திருக்கும் நாள்களை முன்னரே அறிந்து செல்க.