குழந்தைக்கு ஏற்ற பரிசு எது?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் ஜார்ச்டவுன் நகரின் லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் கால் வைக்க இடம் இராது. அத்தகைய ஒரு மாலையில், செபராங் பிறையிலிருந்து ஃபெரியில் வந்திருந்த ஒரு தோட்டத்துக் குடும்பத்தை நாம் அங்குக் கண்டோம். தந்தை பால்மரம் வெட்டும் தொழிலாளி. தம் இரண்டு வயது மகனுக்கு 45 வெள்ளி கொடுத்து, தொலைவிலிருந்தே இயக்கக்கூடிய கார் ஒன்றை வாங்கினார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய நிறைவு நம் மனத்தைத் தொட்டது.

அன்றிரவு படகுத் துறையில் மீண்டும் அவர்களைச் சந்தித்தோம். கார் தாயின் பைக்குள் கிடந்தது. குழந்தையோ கார் வந்த அட்டைப் பெட்டியைத் தலையில் கவிழ்ப்பதும், அதற்குள் தன் செருப்பை ஒளித்து வைப்பதும், பின்னர் அதைத் தேடி எடுப்பதுமாகக் களித்திருந்தான். “பெட்டியை மட்டும் வாங்கியிருக்கலாம் போலிருக்கிறது, ஐயா!” என்று தந்தை நம்மிடம் சிரித்தவாறு கூறினார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் தாய் பதறி எழுந்தார். காரை இயக்கும் சிறு கருவியின் மூடி கழன்றிருந்தது. அதனுள் இருந்த காசு போன்ற மின்கலம் குழந்தையின் கையில் இருந்தது. அதை அவன் வாயருகே கொண்டு சென்றுகொண்டிருந்தான். தாய் பறித்து எடுத்ததால் தீங்கு நேரவில்லை.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கிறது. விலை மிகுந்த பொருள்தான் குழந்தைக்கு மகிழ்ச்சி தரும் என்பது இல்லை. அன்போடு வாங்கிய பொருளும், ஆராயாமல் வாங்கினால், ஆபத்தாக முடியலாம்.

நம் முன்னோர் அறிந்த உண்மை

குழந்தைக்கு விளையாட்டே வேலை, அதுவே கல்வி. இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பனவாகும். மணல் வீடும், சிறு பறையும், சிறு தேருமே அக்காலக் குழந்தைகளின் செல்வங்கள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஓர் அழகிய காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயும் தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. அதை விரட்டப் பெண்கள் தம் பொற்குழையைக் கழற்றி வீசுகின்றனர். விழுந்த அப்பொற்குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று கால் சிறுதேருக்குத் தடையாகி விடுகிறது. நகரின் வளத்தைக் காட்டவே புலவர் இதைப் பாடினார். எனினும், பெற்றோர் சிந்திக்கத்தக்க பொருளும் இதில் உண்டு. பொன்னின் மதிப்பைச் சிறுவன் அறியான். அவனுக்கு அது வழியில் கிடக்கும் இடையூறே. அவன் செல்வம் அந்த மரத்தேர்.

மேலைநாட்டு ஆசிரியர் தந்த கொடைகள்

ஜெர்மனி நாட்டில் 1782ஆம் ஆண்டு பிறந்த ஃபிரடெரிக் ஃபுரோபல், இன்று நம் பிள்ளைகள் செல்லும் பாலர் பள்ளிகளுக்கு வித்திட்டவர். அவர் சிறுவர்களுக்கென வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குக் ‘கொடைகள்’ என்றே பெயரிட்டார். முதற் கொடை, கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரிக்கத்தக்க ஒரு மரக்கட்டை.

இவற்றில் விசையும் இல்லை, ஓசையும் இல்லை. ஆயினும், எட்டுக் கட்டைகளைக் கொண்டு குழந்தை இன்று வீடு கட்டுவான். நாளை பாலம் அமைப்பான். அதன் வழியே எண்ணவும் கற்பான். தானே இயங்கும் பொம்மை முன் குழந்தை வெறும் பார்வையாளன். தான் இயக்கும் பொருள் முன் அவன் படைப்பாளி.

வயதுக்கேற்ற பரிசு

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை பார்த்தும், பிடித்தும், வாயில் வைத்தும் உலகை அறிகிறது. எனவே, உடையாத கிலுகிலுப்பை, கழுவத்தக்க துணிப்பந்து ஆகியவை போதும்.

ஒன்று முதல் மூன்று வயது வரை, நடையும் கைத்திறனும் வளரும் காலம். தள்ளும் வண்டி, பெரிய மரக்கட்டைகள், ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், பந்து ஆகியவை ஏற்றவை. அட்டை ஓரத்தைக் கூர்மையின்றி வழவழப்பாகத் தேய்த்த மரப்பொருளாயின் வீட்டிலேயே செய்து தரலாம்.

மூன்று முதல் ஆறு வயது வரை, கற்பனை மலரும் பருவம். சொப்புச் சாமான்கள், வண்ணக் கோல்கள், படக்கதை நூல்கள், களிமண் ஆகியவற்றைத் தரலாம். பல்லாங்குழி எண்ணிக்கையையும் பொறுமையையும் கற்பிக்கும். மலாய் நண்பர்கள் இதுபோன்ற ஆட்டத்தைக் ‘சொங்காக்’ என்பர். அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு இணைந்து ஆட இது நல்ல வாய்ப்பு.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கும். ஆகவே, மின்கல அறையின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும், வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அவசர அழைப்பு எண் 999.

நாம் வெட்டும் மரத்தின் பாலிலிருந்தே பலூன் உருவாகிறது. அதுவே சிறுவர்க்கு எமனாகவும் ஆகலாம். ஊதப்படாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கி அப்புறப்படுத்துக.

ரப்பர்க் கொட்டைகளை வைத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடுவது நெடுநாளைய வழக்கம். விவரம் அறிந்த பிள்ளைகள் ஆடலாம். ஆனால், பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் உள்ளது. கைக்குழந்தைக்கு எட்டும் இடத்தில் அவற்றை விட்டு வைத்தல் ஆகாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறிய பொருள் எதுவும் ஆகாது. தடித்த அட்டை ஒன்றில் நான்கு செண்டிமீட்டர் அகலத்தில் வட்டத்துளை இடுங்கள். அதனுள் நுழையும் பொருளை அக்குழந்தையிடம் தராதீர்கள். சிறு காந்தங்கள், மணிகள், கழன்று விழும் சக்கரங்கள், பொம்மையின் கண்கள் யாவும் இதில் அடங்கும். பெயர் சூட்டு விழாவில் தரப்படும் சிறு மோதிரமும் தோடும் கூட இவ்வாறே விழுங்கப்படலாம். பொன் பரிசாக வந்தால், அதைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதே அறிவுடைமை.

கடையில் செய்ய வேண்டியவை

நம் நாட்டில் விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புத் தரங்களுக்கென 2009ஆம் ஆண்டில் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருளில் ‘எம்.சி.’ என்னும் தர முத்திரை இருக்கிறதா எனப் பாருங்கள். எந்த வயதினர்க்கு உரியது என்பதையும் படித்துப் பாருங்கள். படிக்க இயலாதவர் கடைக்காரரிடமோ, பள்ளியில் பயிலும் மூத்த பிள்ளையிடமோ கேட்பதில் வெட்கம் வேண்டா. பொருளை இழுத்தும், அழுத்தியும், முகர்ந்தும் சோதித்துப் பாருங்கள். சாயம் உதிர்ந்தாலோ, கடும் நெடி வீசினாலோ வாங்காதீர்கள்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பழுதான பொருளை மாற்றித்தர வணிகர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 1969இல் தொடங்கப்பெற்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் ஆலோசனையையும் நாடலாம்.

குறைந்த செலவில் நிறைந்த பரிசு

பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையின் மேல்தளம், பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. அடுத்த முறை நகருக்கு வருகையில் அங்குச் சற்று ஏறிச் செல்லுங்கள். வண்ணப்படம் நிறைந்த ஒரு பழைய நூல், ஒரு நாளில் பழுதாகும் பொம்மையைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தரும்.

அந்நூலோடு மற்றொரு பரிசையும் சேர்த்துக் கொடுங்கள். அதுதான் உங்கள் நேரம். இருள் பிரியும் முன்னே எழுந்து மரம் வெட்டச் செல்லும் உங்கள் களைப்பை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும், மாலையில் கால் மணி நேரம் குழந்தையை மடியில் இருத்திக் கதை சொல்லுங்கள். படத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத தாயும் படம் பார்த்துக் கதை சொல்லலாம் அன்றோ?

படகுத் துறையில் கண்ட அச்சிறுவன், பெட்டிக்குள் ஒளித்த செருப்பைக் கண்டெடுத்த ஒவ்வொரு முறையும் தந்தையின் முகத்தையே நோக்கினான். தந்தை வியந்தாற்போல் கண்களை விரித்தபோதெல்லாம் அவன் கைகொட்டிச் சிரித்தான். அவன் தேடியது அந்தத் தந்தையையே. இவ்வாண்டுப் பெருநாளுக்குப் பரிசு வாங்கச் செல்லும்போது, பெற்றோர்களே, இதனை மறவாதீர்கள்.